சில்லென்று இருந்தால் நல்ல காற்றா?

போன மார்கழியில் அப்பா தென்காசியிலிருந்து டெல்லிக்கு வந்து எங்களோடு ஒரு மாதம் இருந்தார். வந்த மறுநாள் ஐந்தரைக்கே எழுந்து குளித்து, விபூதி பூசி, வேட்டிக்கு மேல் என் கணவரின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மலை மந்திருக்குப் போகத் தயாராக நின்றார். ஆர்.கே. புரத்தில் சின்னக் குன்றின்மேல் சுவாமிநாத சுவாமி இருக்கிற கோயில், டெல்லித் தமிழர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளியே 6 டிகிரி. கேட்டைத் தாண்டியதும் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "குத்தாலச் சாரல் மாதிரில்லா இருக்கு" என்றார். எனக்கும் அப்போது அது சரியென்றுதான் பட்டது.

படி ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. கூட ஏறிய கும்பகோணத்துக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டே, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினார். மேலே போய் சந்நிதி முன்னால் நின்று கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் இருமல் ஆரம்பித்தது. வறட்டு இருமல், நிற்கவே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் போனால் நெஞ்சுக்குள் யாரோ மெல்ல விசில் அடிப்பது போல ஒரு சத்தம், மூச்சை வெளியே விடும்போது மட்டும். எனக்குக் கை கால் உதறிவிட்டது. கீழே அழைத்து வந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து சுக்குக் காபி போட்டுக் கொடுப்பதற்குள் தானாகவே அடங்கிவிட்டது. அதனால் விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் மறுபடி அதே கதை.

பக்கத்துக் கிளினிக்கில் ஊர் மாறியதால் வந்த சளி என்று ஆன்டிபயாடிக்கும் இருமல் மருந்தும் கொடுத்தார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை, எப்போது வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் போனதுதான் மிச்சம், அதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அப்புறம் போன நெஞ்சு மருத்துவர் முதலில் இசிஜி எடுத்து, இதயத்தில் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மூச்சு அடைத்தது ஏறும்போதா, ஏறி முடித்த பிறகா? ஏறி முடித்து ஐந்து பத்து நிமிடம் கழித்து என்றதும் அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. குழாயில் ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி செய்தார், இன்ஹேலர் கொடுத்துவிட்டு மறுபடி ஊதச் சொன்னார், இரண்டாவது முறை எண்கள் நன்றாக ஏறின, அதாவது ஆஸ்துமா. சின்ன வயதில் அப்பாவுக்கு மழைக்காலம் வந்தால் இழுப்பு இருந்ததாம். எங்களிடம் அதைச் சொன்னதே இல்லை.

குளிர்ந்த காற்று நேராக உள்ளே போய் நுரையீரலை உறைய வைக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் நுரையீரலின் கடைசிக் காற்றறைகளுக்குப் போவதற்குள் காற்று 37 டிகிரிக்குச் சூடாகி, ஈரம் முழுக்க ஏறியிருக்கும். அந்த வேலையில் பெரும்பகுதியை மூக்கு செய்கிறது. மூக்கின் உள்சுவரில் சுருண்டு தொங்கும் மடிப்புகள் இருக்கின்றன, அவற்றின்மேல் ரத்தம் நிறைந்த ஈரச் சவ்வு, காற்று அதன்மேல் உரசிப் போகும்போதே சூடும் ஈரமும் ஏறிவிடும். குளிரில் மூக்கு ஒழுகுவதுகூட இந்த வேலை அதிகமாவதால்தான்.

இதில் சூட்டை விட ஈரம்தான் பெரிய விஷயம். 5 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் அதிகபட்சம் சுமார் 7 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். 37 டிகிரியில் 44 கிராம். அந்த வித்தியாசம் முழுவதையும் நம் உடம்பு தன் தண்ணீரிலிருந்து கொடுக்க வேண்டும். வெளியே எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்கு மூடுபனி இருந்தாலும், முகத்தில் ஈரம் பட்டாலும், மூச்சுக்குழாய்க்கு அது வறண்ட காற்றுதான். குற்றாலச் சாரல் வேறு. அங்கே 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால் காற்று 23 கிராம் வரை தண்ணீர் சுமந்து வரும். உடம்புக்கு அவ்வளவு செலவு இல்லை. அப்பா இரண்டையும் ஒன்று என்று நினைத்தார், தோலுக்கு அப்படித்தான் தெரிகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போய் வருகிறது, மூக்கு சமாளித்துவிடும். படி ஏறினால் அது பல மடங்காகும். மூக்கு போதாமல் வாய் திறந்துகொள்ளும், பேசிக்கொண்டே ஏறினால் கேட்கவே வேண்டாம். அப்போது வறண்ட காற்று மூச்சுக்குழாய் வரைக்கும் போய் அங்கே படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சுகிறது, மிஞ்சிய நீரில் உப்பு அடர்த்தி கூடுகிறது, அதில் உசுப்பப்பட்ட செல்கள் ஹிஸ்டமின், லுகோட்ரையீன் போன்ற வேதிப்பொருள்களைக் கொட்ட, குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் மூச்சுக்குழாய் கொஞ்சம் கூச்சமாக இருப்பவர்களுக்கும் ஆகும். நல்ல திடகாத்திரமான பனிச்சறுக்கு வீரர்களுக்கே வருகிறது. நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டிகளைக் கழித்தல் 20 டிகிரிக்குக் கீழே நடத்துவதில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. வருடா வருடம் வருவதுதான்: மார்கழி விடியற்காலையில் ஓசோன் பூமிக்குப் பக்கத்தில் இறங்கி வருகிறது, அதைச் சுவாசிக்கத்தான் முன்னோர்கள் சீக்கிரம் எழுந்து கோலம் போடச் சொன்னார்கள் என்று. கோலம் போடுவதும் திருப்பாவை பாடுவதும் அழகான விஷயங்கள், அதற்கு ஓசோன் தேவையே இல்லை. ஓசோன் படலம் இருப்பது தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். தரை மட்டத்தில் இருக்கும் ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் மாசு, அதுவும் வெயில் பட்டு உருவாவது, விடியற்காலையில் அது குறைவாகத்தான் இருக்கும். தயவுசெய்து அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள், இழுப்பு உள்ள ஒரு பெரியவர் அதை நம்பிக் குளிரில் நடக்கப் போகலாம்.

சரி, அப்படியானால் சில்லென்ற காற்றை இழுத்ததும் ஏன் அவ்வளவு இதமாக, மூளை தெளிந்த மாதிரி இருக்கிறது? அந்த உணர்வு பொய் இல்லை. நம் நரம்பு முனைகளில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஒரு ஏற்பி இருக்கிறது. டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியாக 2002-ல் அதைக் கண்டுபிடித்தார்கள், வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளுக்காக இருவருக்கும் 2021-ல் நோபல் கிடைத்தது. மூக்குக்குள் காற்று ஓடுவதை நாம் பெரும்பாலும் இந்தக் குளிர்ச்சியை வைத்துத்தான் அறிகிறோம். தைலங்களில் இருக்கும் மெந்தாலும் இதே ஏற்பியைத்தான் தட்டுகிறது. கோடாலித் தைலம் ஒரு சொட்டு கைக்குட்டையில் விட்டு முகர்ந்தால் மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்கிறதே, உண்மையில் அடைப்பு அப்படியேதான் இருக்கும், நரம்புதான் மூளைக்குக் குளிர் என்று சொல்லியிருக்கும். விறுவிறுப்பு வருகிறது, தூக்கம் கலைகிறது, ஆனால் குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் விகிதம் ஒன்றும் கூடுதல் இல்லை, அதே 21 சதவீதம். இந்த இதத்துக்காக வேண்டுமென்றே பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் நடப்பது வேறு: ரத்தத்தில் கார்பன் டையாக்சைடு குறைந்து மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, மூளைக்கு ரத்தம் குறைகிறது, தலை கிறுகிறுக்கிறது.

மூக்கால் மூச்சு விடுவதற்கும் மூளைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இது. 1942-ல் எட்கர் ஏட்ரியன் என்ற நரம்பியல் விஞ்ஞானி முள்ளெலியின் மூளையில், மூச்சின் தாளத்துக்கு ஏற்ப மோப்பப் பகுதியில் மின் அலை எழுவதைக் காட்டினார். 2016-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மனிதர்களிடம் பார்த்தபோது, நினைவுக்கும் பயத்துக்கும் உரிய பகுதிகளிலும் அந்தத் தாளம் தெரிந்தது. வாயால் மூச்சுவிட்டால் மங்கிப் போனது.

டெல்லியில் இதெல்லாவற்றுக்கும் மேல் ஒரு சிக்கல். குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழே தங்கிவிடும், அதன்மேல் கொஞ்சம் சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும், வண்டிப் புகையும் எரித்த குப்பையும் மேலே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அதாவது எந்த நேரத்தில் காற்று சில்லென்று நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறதோ, பெரும்பாலும் அந்த நேரத்துக் காற்றுதான் மோசம். பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய மாசுத் துகள்களுக்கு நம் நாட்டின் ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. இங்கே ஜனவரியில் அது பல நாள் 200-ஐத் தாண்டுகிறது. இந்தத் துகள் காற்றறை வரை போகும். 2020-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, தவிர்க்கக்கூடிய மறதிநோய்க் காரணங்களில் காற்று மாசையும் சேர்த்தது. மூக்கில் இருக்கும் குளிர் ஏற்பிக்குத் துகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அப்புறம் அங்கீட்டி, குளிர்காய வைக்கும் கரி அடுப்பு. எங்கள் குடியிருப்பின் காவலாளி ராத்திரி அதைத் தன் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடிக்கும், முதலில் மயங்குவது மூளை, தூக்கத்தில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு குளிர்காலமும் இங்கே இதில் ஆட்கள் சாகிறார்கள். நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு ரஜாயும் (பஞ்சு மெத்தைப் போர்வை) எண்ணெய் ஹீட்டரும் வாங்கிக் கொடுத்தோம்.

அப்பா பதினொரு மணிக்கு மேல், வெயில் வந்த பிறகுதான் கோயிலுக்குப் போனார், கிளம்பும் முன் டாக்டர் சொன்னபடி இன்ஹேலர். மூக்கையும் வாயையும் மூடி என்95, அதற்கு மேல் மப்ளர். மப்ளர் துகளை நிறுத்தாது, அது மூச்சின் ஈரத்தைப் பிடித்து வைக்க, மாஸ்க்தான் துகளுக்கு. பத்துப் படிக்கு ஒரு முறை நிற்பார், மேலே போகும் வரை பேச்சில்லை. முதல் நாள் மேலே போய் மப்ளரை அவிழ்த்தவர் அதன் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து என்னிடம் நீட்டினார். மாஸ்க்கைத் தாண்டி வந்தும் உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது. "இம்புட்டும் என் மூச்சாம்மா?" என்றார். ஆமாம்பா என்றேன். விடியற்காலைப் பொங்கல் பிரசாதம் அந்த நேரத்துக்கு மிச்சமிருக்காது, அதுதான் அவருக்குக் குறை. இந்த மார்கழிக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.