ஒட்டினால் மட்டும் போதுமா?

புரத வடிவமைப்பில் வேலை பார்க்கிறேன் என்றால் இப்போதெல்லாம் உடனே வரும் கேள்வி, "அதான் ஏஐயே செய்யுதாமே, அப்புறம் உங்களுக்கு அங்க என்ன வேலை?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. 2024 வேதியியல் நோபலே இதற்குத்தான் போனது, பாதி கணினியில் புரதம் வடிவமைக்கும் சியாட்டிலின் டேவிட் பேக்கருக்கு, மீதிப் பாதி புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐயைச் செய்த ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும்.

நான் செய்வது இதுதான்: மனித செல்லின் வெளிச்சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஓர் ஏற்பியை (வெளியிலிருந்து வரும் தகவலை வாங்கும் புரதம்) எடுத்துக்கொண்டு, அதில் போய் ஒட்டுகிற ஒரு சின்னப் புரதத்தைக் கணினியில் உருவாக்குவது. ஆய்வகப் பேச்சில் அதற்குப் பெயர் பைண்டர். 2022-ல் பேக்கர் குழு, இலக்கின் வடிவம் மட்டும் கையில் இருந்தால் பைண்டர் செய்ய முடியும் என்று 12 இலக்குகளுக்குச் செய்து காட்டியது. இன்சுலின் ஏற்பி, இஜிஎஃப்ஆர், டிஆர்கேஏ என்ற ஏற்பிகள் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு பைண்டரும் 65 அமினோ அமிலத்துக்கும் குறைவு. ஆனால் ஓர் இலக்குக்குப் பத்தாயிரக்கணக்கில் வடிவங்கள் செய்து ஈஸ்ட் செல்கள் மேல் ஏற்றி, ஒட்டுவதை மட்டும் சலித்தெடுக்க வேண்டியிருந்தது, நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அடுத்த வருடமே ஆர்எஃப்டிஃப்யூஷன் என்ற ஏஐ கருவி வந்தது, இலக்குக்கு 95 வடிவம் சோதித்தாலே மொத்தத்தில் 19 சதவீதம் ஒட்டின. நம்மைப் போன்ற சின்னக் குழுக்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடிந்ததே அதனால்தான்.

இன்றைய நடைமுறை இப்படி. ஆர்எஃப்டிஃப்யூஷன் வெறும் இரைச்சலில் தொடங்கி புரதச் சங்கிலியின் முதுகெலும்பு வடிவத்தைத் தரும், புரோட்டீன்எம்பிஎன்என் என்ற இன்னொரு கருவி அதற்கு அமினோ அமில வரிசை எழுதும், ஆல்ஃபாஃபோல்ட் அந்த வரிசையை மறுபடி மடித்துப் பார்த்து, நாம் நினைத்த இடத்தில்தான் உட்காருகிறதா என்று மதிப்பெண் போடும். பிஏஇ மதிப்பு (கணிப்பில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று ஆல்ஃபாஃபோல்டே சொல்வது) 10-க்குக் கீழே இருந்தால் மேலே கொண்டு போவோம். (1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு போட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் வரைபடத்தை முன்பெல்லாம் ஒவ்வொரு வடிவத்துக்கும் திறந்து பார்ப்போம். இப்போது கருவி தருகிற வடிவங்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே வந்துவிடுவதால் யாரும் திறப்பதில்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.) ராத்திரி ஜிபியுவில் ஓட விட்டால் காலையில் சில நூறு வடிவம் இருக்கும். இதில் மனுஷனுக்கு வேலை இல்லைதான்.

மனுஷனுக்கு வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. ஏற்பியின் எந்த இடத்தில் ஒட்ட வேண்டும்?

இஜிஎஃப்ஆரையே எடுத்துக்கொள்வோம். செல்லுக்கு வெளியே இருக்கும் பகுதி மட்டுமே 600 அமினோ அமிலத்துக்கு மேல், நான்கு டொமைன், அதாவது தனித்தனியாக மடியும் நான்கு துண்டு. இஜிஎஃப் என்கிற 53 அமினோ அமிலச் சின்னப் புரதம் முதல் டொமைனையும் மூன்றாவதையும் சேர்த்துப் பிடிக்கிறது. செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து மூன்றாவதில் உட்கார்ந்து அந்த வழியை அடைக்கிறது. முழுவதையும் கணினியில் ஏற்றினால் நினைவகம் தாங்காது, நேரமும் எக்கச்சக்கமாகும், அதனால் எல்லாரும் வேண்டிய டொமைனை மட்டும் வெட்டி எடுப்பார்கள். இங்கேதான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வெட்டிய விளிம்பில், உண்மையான செல்லில் ஒருநாளும் வெளியே தெரியாத, எண்ணெய்ப் பசையுள்ள (தண்ணீரோடு சேராத) உள்பக்கம் திறந்து கிடக்கும். மென்பொருளுக்கு அந்த மாதிரி இடம் என்றால் உயிர். பிரமாதமான மதிப்பெண்ணோடு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், முழு ஏற்பியில் அந்த இடம் மூடியிருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

சர்க்கரைச் சங்கிலிகள் இன்னொரு தலைவலி. வரிசையில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், அடுத்து புரோலின் அல்லாத ஏதோ ஒன்று, அதற்கடுத்து செரின் அல்லது திரியோனின் என்று வந்தால் அந்த அஸ்பராஜினில் செல் ஒரு சர்க்கரை மரத்தையே நட்டு வைக்க வாய்ப்பு உண்டு. அது ஆடிக்கொண்டே இருப்பதால் படிக வடிவத்தில் அடிப்பகுதி மட்டும் தெரியும், பல நேரம் அதுவும் தெரியாது. திரையில் காலி மனையாகத் தெரிகிற இடம் செல்லில் காடாக இருக்கும். அதனால் இடம் தேர்வதற்கு முன்னால் வரிசையைக் கையால் படித்துவிடுங்கள் என்று புதிதாகச் சேருபவர்களிடம் சொல்வேன். பாதிப்பேர் கேட்க மாட்டார்கள், சரி.

அப்புறம் சோதனை மேசை. அங்கே ஒரு புரதத்தை சென்சார் பரப்பில் பதித்து, இன்னொன்றை மேலே ஓட்டி, ஒட்டுகிறதா என்று அளப்போம். எங்கள் வெட் லேப் மேடத்திடம் "ஒட்டிடுச்சு மேடம்!" என்று போய் நின்றால், "எதுல ஒட்டுச்சு? சென்சார்லயா, ஏற்பியிலயா?" என்று திருப்பிக் கேட்பார். எண்ணெய்ப் பசை அதிகமான பைண்டர் பலாப்பழப் பால் மாதிரி, தொட்டதிலெல்லாம் ஒட்டும். ஏற்பி இல்லாத வெறும் சென்சார், சம்பந்தமே இல்லாத இன்னொரு புரதம், இரண்டிலும் பார்த்துவிட்டுத்தான் அவர் பேசவே விடுவார். அதிலும் தப்பினால் அடுத்து இஜிஎஃப்பைக் கூடப் போட்டுப் போட்டி வைப்பார், ஒரே இடத்துக்காக இரண்டும் மோதுகிறதா என்று பார்க்க. விலைக்கு வாங்கும் ஏற்பி பெரும்பாலும் எஃப்சி என்ற ஆன்டிபாடித் துண்டோடு இணைத்து இரட்டையாக வரும். சென்சாரில் பைண்டரைப் பதித்து இரட்டை ஏற்பியை மேலே ஓட்டினால் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு விடவே விடாது, நானோமோலார் அளவு, அதாவது பிடி ரொம்ப பலம் என்று ஆசை காட்டும். எந்தப் பக்கத்தைப் பதித்தார்கள் என்று சொல்லாமல் யாராவது எண் மட்டும் காட்டினால் நான் இப்போது நம்புவதில்லை.

இத்தனையும் தாண்டி நிஜமாகவே ஒட்டிய பிறகுதான் பெரிய கேள்வியே வருகிறது. ஒட்டி என்ன செய்யப் போகிறது? ஏற்பி என்பது தகவலை உள்ளே அனுப்புகிற புரதம். பைண்டர் அதை அடைக்கலாம், தூண்டலாம், செல்லுக்குள் இழுத்துப் போகலாம், ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்தும் இருக்கலாம். மதிப்பெண் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. 2019-ல் வந்த நியோ-2/15 என்ற கணினியில் செய்த புரதம் எனக்குப் பிடித்த உதாரணம்: நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் இன்டர்லூகின்-2 தன் ஏற்பியில் பிடிக்கும் மூன்று துணை அலகுகளில் பீட்டா, காமா இரண்டை மட்டும் பிடித்து, ஆல்ஃபாவை வேண்டுமென்றே விட்டுவிடும்படி செய்தார்கள். அங்கே அறிவெல்லாம் எதை விடுவது என்ற முடிவில் இருக்கிறது, அந்த முடிவை எடுத்தது நோயெதிர்ப்பியல் தெரிந்தவர்கள். அதன் வழியில் வந்த மருந்தின் சோதனை 2022-ல் நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தூண்டுவதற்குப் பொதுவாக இரண்டு ஏற்பிகளைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், அதில் கோணமும் தூரமும் கணக்கு. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டினின் ஏற்பியில் இதைக் காட்டினார்கள், அதுவும் 2019-ல்தான், ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோபர் கார்சியா குழு: இரண்டு ஏற்பிகளையும் இழுத்துச் சேர்க்கும் புரதத்தின் அமைப்பை மாற்றினால் உள்ளே போகிற சமிக்ஞையே மாறுகிறது. இதைத் திரையில் முன்கூட்டியே சொல்லும் கருவி எதையும் நான் இன்னும் நம்பத் தயாராக இல்லை. அதனால் இப்போதைக்கு எங்கள் முறை பழைய முறைதான்: ஒட்டுவது உறுதியான பைண்டரை இரண்டாக எடுத்து, நடுவில் வைக்கும் இணைப்பை நீளமாகவும் குட்டையாகவும் மாற்றி மாற்றிச் செய்து, செல்லில் போட்டு, சமிக்ஞை போனதற்கு அடையாளமாக உள்ளே புரதங்களில் பாஸ்பேட் ஏறுகிறதா என்று பார்க்கிறோம்.