சுத்தி பூரா ஐஸு, குடிக்கிற தண்ணிக்கு மட்டும் அலைச்சல்

அண்டார்டிகால ஒரு வருஷம் இருந்தேன்னு சொன்னாலே எல்லாரும் கேக்குறது ரெண்டுதான், பென்குயின் பாத்தியா, குளிர் எப்படி. பென்குயின் கடலோரத்து ஆளு, நாங்க இருந்த மைத்ரி, அதாவது நம்ம நாட்டு ஆராய்ச்சி ஸ்டேஷன், கடல்லேர்ந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் உள்ள இருக்கு, அதனால அத விடுங்க. குளிர் மைனஸ் 30 வரைக்கும் போச்சு, அதுவும் பழகிரும். யாருமே கேக்காதது தண்ணி. எனக்கு அந்த வருஷம் பூரா அதுலதான் போச்சு.

நான் ராமநாதபுரம் பக்கம். சின்ன வயசுல ஆத்து மணல்ல ஊத்து தோண்டி, சிரட்டையால மோந்து மோந்து குடம் ரொப்பின ஆளு. அந்த ராசி பூமிக்கு அடிப்பக்கம் வரைக்கும் கூடவே வரும்னு நெனைக்கல.

நம்ம நாட்டோட முதல் ஸ்டேஷன் தட்சிண் கங்கோத்ரி, 1983-84ல ஐஸ் மேலயே கட்டினாங்க, கொஞ்ச வருஷத்துலயே பனி மூடிருச்சு. அடுத்தத பாறை மேல கட்டணும்னு பாத்துதான் ஐஸ் மூடாத பாறை நிலமான ஷிர்மாக்கர் ஓயசிஸ்ல மைத்ரிய 1989ல கொண்டு வந்தாங்க. வாசல்லயே நல்ல தண்ணி ஏரி ஒண்ணு இருக்கு, பேரு பிரியதர்ஷினி. குளிர்காலத்துல மேல ஆள் ஒசரத்துக்கு ஐஸ் கட்டினாலும் அடியில தண்ணி தண்ணியாவே கிடக்கும். அத பம்ப் போட்டு, உறையாம இருக்க ஹீட்டர் ஒயர் சுத்தின பைப் வழியா ஸ்டேஷனுக்கு கொண்டு வரணும். ஜெனரேட்டரோட சேத்து அந்த பைப்பும் என் தலையில.

கேப்டவுன்லேர்ந்து பெரிய ரஷ்ய பிளேன்ல போய் ஐஸ் ரன்வேல இறங்கினப்ப டிசம்பர். சூரியன் மறையவே மறையாது, ராத்திரி ரெண்டு மணிக்கு கூலிங் கிளாஸ் போட்டுட்டு ஸ்பானர் பிடிச்சு வேலை பாப்போம், தூக்கம்தான் வராது. பாறை இடுக்குல எல்லாம் சின்னச் சின்ன ஓடையா தண்ணி ஓடும், ஏரி ஓரம் உருகி நீலமா கிடக்கும். இதுல என்னப்பா கஷ்டம்னு நெனைச்சேன். மார்ச்ல கப்பல் கிளம்பிருச்சு, கோடைக்கு வந்த விஞ்ஞானிங்க எல்லாம் போயாச்சு, மிச்சம் இருபத்தஞ்சு பேர். அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் இதுதான் ஊர், இதுதான் சாதிசனம். டாக்டர்லேர்ந்து லீடர் வரைக்கும் முறை வச்சு கிச்சன்ல பாத்திரம் கழுவணும், அதுக்கும் தண்ணி வேணும்ல.

மே கடைசில சூரியன் போனா ஜூலை மூணாவது வாரம்தான் திரும்பும். கும்மிருட்டுன்னு நெனைக்காதீங்க, மத்தியானம் வடக்கு பக்கம் (ஆமா, வடக்குதான்) விடியப் போற மாதிரி சிவப்பா ஒரு கீத்து தெரியும், அப்புறம் விடியாமலே அடங்கிரும். பௌர்ணமி சமயம் நிலா நாள் கணக்கா கீழ இறங்காம வானத்தையே சுத்தி வரும், அதுல இருக்குற முயல் வேற தலைகீழா தொங்கும்.

ஜூன்ல ஒரு புயல், மூணு நாள். தெக்கே இருக்குற ஐஸ் மேட்டுலேர்ந்து காத்து சரிவுல உருண்டு வர்ற மாதிரி வரும், கைய நீட்டினா விரல் தெரியாது. ரெண்டாம் நாள் குழாய்ல தண்ணி நின்னுபோச்சு, ஹீட்டர் ஒயர் எங்கயோ அவுட்டு. பனிய உருக்கிக்கலாமேன்னு சொல்றது ஈசி, அண்டா நிறைய அமுக்கி அடுப்புல வச்சா அடியில ரெண்டு சொம்பு தேறும், இருபத்தஞ்சு பேருக்கு எத்தன அண்டா? குளியல் கட், துணி துவைக்கறது கட். டாய்லெட் மட்டும் தப்பிச்சுது, ஏன்னா அது கரண்ட்ல எரிச்சு சாம்பலாக்குற டைப்.

காத்து அடங்குனதும் கயித்த புடிச்சுக்கிட்டே பைப் வழியா இறங்கினோம், டாக்டர் டார்ச் அடிக்க, நான் கையுறைய கழட்டி ஒரு நிமிஷம் ஒயர் முறுக்க, திரும்ப மாட்டி விரல்ல உசுரு வர்ற வரைக்கும் கக்கத்துல வச்சுக்க, மறுபடி கழட்ட. எட்டு மணி நேரம். பைப்ப சூடு பண்ணி பண்ணி கடைசில உள்ள லொடலொடன்னு ஐஸ் நகர்ற சத்தம் கேட்டுச்சு பாருங்க, நான் கேட்டதுலயே நல்ல சத்தம் அதான். நிமிர்ந்தா வானம் பூரா பச்சையா அரோரா, அதான் துருவ வெளிச்சம், ஆடுது, ரெண்டு பேருக்கும் அத நின்னு பாக்க தெம்பில்ல, டீ குடிக்க ஓடிட்டோம்.

ரெண்டு நாள் கழிச்சு ஜூன் 21, மிட்விண்டர், அதாவது குளிர்காலத்தோட நடு நாள், அங்க எல்லா நாட்டு ஸ்டேஷனுக்கும் அதுதான் பொங்கல் தீபாவளி எல்லாம், ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்து மெயில் அனுப்பிக்குவாங்க. நாலஞ்சு கிலோமீட்டர்ல இருக்குற ரஷ்ய ஸ்டேஷன்காரங்களும் வந்தாங்க. எனக்கு விருந்த விட அன்னைக்கு சுடுதண்ணில குளிச்சதுதான் ஞாபகம் இருக்கு.

அன்னைக்கு அம்மாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "ஏண்டா, அந்த ஏரில மீன் கெடக்கா?"

"இல்லம்மா, பாசி மட்டும்தான்."

"மீனுமில்லாத கம்மாய்க்கு எதுக்குடா இம்புட்டு காவலு?"