முதலில் ஊசியைப் பாருங்கள்

பழைய இசைத்தட்டு சேர்க்க ஆரம்பிக்கிறவர்களே, பிளேயருக்குக் கொட்டுகிற காசில் கொஞ்சம் ஊசிக்கும் ஒதுக்குங்கள் சாமி. 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டில் ஊசி ஓடுகிற பள்ளம் அகலம், 1948இல் வந்த எல்பி என்கிற நீண்ட நேரத் தட்டில் ரொம்பக் குறுகல், எல்பி ஊசியை எடுத்து 78இல் வைத்தால் அது அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கே சேர்ந்த அழுக்கைத்தான் பாடும். அப்புறம் ‘பழசு, அதான் இரைச்சல்’ என்று தட்டின்மேல் பழி!

போதாததற்கு 78 தட்டு அரக்கு கலந்து செய்தது, கைதவறினால் அப்பளம்போல நொறுங்கிவிடும்.

பத்து அங்குல 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான், அதற்குள் ஆலாபனையைத் தொட்டு பல்லவி, சரணம் என்று முடித்துக் காட்டினார்கள் அந்தக் கால வித்வான்கள். எனக்கு அந்த அவசரமே பிடிக்கும்.

சரி, வாங்கும்முன் பிளேயரில் 78 வேகம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல மாடல்களில் 33உம் 45உம் மட்டும்தான்.