கட்டணமில்லாப் பயணமும் தனியார் நகரப் பேருந்துகளும்

2021 மே மாதம் பொறுப்பேற்ற அன்றே முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, தமிழ்நாடு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம் என்பது. பின்னர் விடியல் பயணம் என்று பெயர் பெற்ற இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறியது. வீட்டு வேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் செல்வோருக்கு இது சிறிய தொகையன்று. ஆயினும், பணத்தைவிட அது திறந்துவிட்ட தூரத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். பேருந்துச் செலவுக்கு அஞ்சி வீட்டருகே குறைந்த கூலிக்கு உழைத்தவர், நகரின் மறுகோடியில் கூடுதல் சம்பளம் தரும் இடத்தைத் தேடிச் செல்ல முடிகிறது. பூ விற்கும் பெண் யாரிடமும் பத்து ரூபாய் கேட்டு நிற்காமல் மொத்தச் சந்தைக்குப் போய்வருகிறார்.

இதே ஆணை கோவை போன்ற நகரங்களின் தனியார் நகரப் பேருந்துத் தொழிலை வேறுவிதமாகத் தொட்டது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் வருவாய் இழப்பை அரசு மானியமாக ஈடுசெய்கிறது. அதே தடத்தில் ஓடும் தனியாருக்கு அந்த ஈடு இல்லை, கட்டணத்தைத் தாமே மாற்றிக்கொள்ளும் உரிமையும் இல்லை. டீசல் விலை ஏறினாலும், 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்ட கட்டணத்தின் அடிப்படையிலேயே அவர்கள் நெடுங்காலம் ஓட்ட வேண்டியிருந்தது. திட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனியார் பேருந்துகளே மிகுதியாக ஓடும் தடங்களில், அரசு அவற்றுக்கும் உரிய தொகை செலுத்திப் பெண்களை ஏற்றச் செய்யலாம். இயலாத தடங்களில் கட்டணமில்லாப் பேருந்துகளைக் கூட்ட வேண்டும்.