கல்யாண டிஸ்க்கைக் கையோடு கொண்டு போங்கள்

மலிவு டிவிடி பிளேயர் வாங்கக் கிளம்பும்போது வீட்டிலிருக்கும் டிஸ்க்குகளில் ஆக மோசமானதை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கீறல் விழுந்தது, ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்துப் பதினைந்து வருஷமானது, மேலே மார்க்கரில் 'முகூர்த்தம் 2' என்று கிறுக்கியிருப்பது. கடையில் ஓட்டிக் காட்டும் டிஸ்க் எந்தப் பிளேயரிலும் ஓடும். அதற்காகவே அதைக் கடையில் வைத்திருக்கிறார்கள்.

கம்பெனியில் அச்சடித்து வரும் சினிமா டிஸ்க்கில் தகவல் பிளாஸ்டிக்கில் பள்ளம் பள்ளமாகப் பதிந்து, அதன்மேல் அலுமினியம் பூசியிருக்கும். ஸ்டூடியோ எழுதிய டிஸ்க்கில் இருப்பது ஒரு சாயப்படலம். அதை லேசர் சுட்டுத் தடம் போட்டிருக்கும். வருஷம் ஆக ஆக அந்தச் சாயம் கெட்டுத் தடம் மங்கும். நல்ல லென்ஸ் அதையும் எப்படியோ படித்துவிடும். தேய்ந்த லென்ஸ் சினிமா டிஸ்க்கை ஓட்டிக் காட்டிவிட்டு, உங்கள் டிஸ்க்கைப் போட்டதும் 'நோ டிஸ்க்' என்று கையை விரிக்கும். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமோ, தெரிந்தவர் மூலமோ செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மெக்கானிக்குகள் 'லென்ஸ்' என்று சொல்வது அந்தச் சின்னக் கண்ணை மட்டுமல்ல. லேசர், கண், அதை ஆட்டும் சுருள், திரும்பி வரும் ஒளியை வாங்கும் சில்லு எல்லாம் சேர்ந்த முழு பாகத்துக்கும் அதுதான் பெயர். உள்ளே இரண்டு லேசர் உண்டு: டிவிடிக்கு 650 நானோமீட்டர், சிடிக்கும் விசிடிக்கும் 780. ஒன்று செத்தாலும் மற்றது உயிரோடு இருக்கும். எம்பி3 சிடி அருமையாகப் பாடும் பெட்டியில் டிவிடி மட்டும் ஓடாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அதனால் பையில் ஒரு பாட்டு சிடியும் இருக்கட்டும்.

ட்ரே உள்ளே போனதும் மனசுக்குள் எண்ணத் தொடங்குங்கள். இருபது எண்ணுவதற்குள் மெனு வர வேண்டும். அதற்குமேல் கர்ர் கர்ர் என்று தேடிக்கொண்டிருந்தால் லென்ஸோ, டிஸ்க்கைச் சுற்றும் மோட்டாரோ தளர்ந்திருக்கிறது. மெனு வந்ததும் நேராகக் கடைசிப் பகுதிக்குத் தாவுங்கள். டிஸ்க்கில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டத்தை நோக்கிப் போகும். டிஸ்க்கின் நெளிவு வெளி விளிம்பில்தான் அதிகம்; லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருந்தாலும் அங்கே போய்ச் சேரத்தான் திணறும். மாப்பிள்ளை அழைப்பு வரை பளிச்சென்று ஓடி, தாலி கட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைவது இந்த வகைக் கோளாறு. முதல் ஐந்து நிமிஷம் மட்டும் பார்த்துவிட்டு பில் போடச் சொல்லாதீர்கள். ட்ரேயை ஐந்து தடவை திறந்து மூடுங்கள். பாதியில் தயங்கினால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அது மலிவான பாகம், விலையைக் குறைக்கச் சொல்ல ஒரு சாக்கு. நீளமான சினிமா டிஸ்க்கின் நடுவே அரை வினாடி நின்று போனால் பயப்பட வேண்டாம். அது 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க். லென்ஸ் அடுத்த அடுக்குக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

பெட்டியின் மேல் என்ன பெயர் ஒட்டியிருக்கிறது என்பதைவிட உள்ளே எந்த லென்ஸ் என்று கேட்பது புத்திசாலித்தனம். சான்யோ எச்டி62, சோனி 313 போன்றவை பல கம்பெனிப் பெட்டிகளில் பொதுவாக வருபவை. அதனால் மாற்று லென்ஸ் தேடி அலைய வேண்டியதில்லை. மாற்றும்போது ஒரு கவனம். புது லென்ஸ் பலவற்றில், வழியில் நிலைமின்சாரம் பட்டு லேசர் சாகாமலிருக்க ஒரு ஈயப் பொட்டு வைத்து அனுப்புவார்கள். லென்ஸைப் போர்டோடு இணைக்கும் ரிப்பன் வயரைச் செருகிய பிறகு அந்தப் பொட்டை எடுக்க வேண்டும். மறந்தால் புது லென்ஸும் 'நோ டிஸ்க்' தான்.

வீட்டு டிவியின் பின்புறத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் மூன்றும் இருந்தால் எந்தப் பிளேயரும் சரி. இப்போதைய டிவிகள் பலவற்றில் அவை இல்லை. எச்டிஎம்ஐயும் ஹெட்போன் அளவில் ஒரு ஏவி ஓட்டையும் மட்டும் இருக்கும். அந்த ஓட்டைக்கான வயர் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இணைப்பு வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வந்து சத்தம் வராமல் உறுமினால் பிளேயர் மேல் பழி போடாமல் வயரை மாற்றிப் பாருங்கள். எச்டிஎம்ஐ உள்ள பிளேயர் கொஞ்சம் கூட விலையானாலும் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் 1080 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டிஸ்க்கில் இருப்பதே 720க்கு 576 புள்ளிகள், பிளேயர் அதை இழுத்துப் பெரிதாக்குகிறது.

வீட்டுக்கு வந்த மறுநாள் சத்தம் வருகிறது, திரை கறுப்பு என்றால் யாரோ ரிமோட்டில் பி-ஸ்கேன் அல்லது வி-மோட் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். படம் மஞ்சள் வயரை விட்டு வேறு ஓட்டைக்குப் போய்விட்டது. டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு அதே பட்டனை, ஒவ்வொரு முறையும் மூன்று வினாடி விட்டு, படம் வரும்வரை அழுத்துங்கள். ரிப்பேர் என்று கடைக்கு வரும் பெட்டிகளில் பார்க்கும் கோளாறுகளில் இதுவும் ஒன்று.

பென்டிரைவ் ஓட்டை இருந்தால் போன் வீடியோவெல்லாம் ஓடும் என்று நினைக்கக் கூடாது. மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் பழைய ஏவிஐ, எம்பெக் கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளும். பென்டிரைவும் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. அமெரிக்கச் சொந்தக்காரர் கொடுத்த ஒரிஜினல் படம் ஓடவில்லையா? ஒரிஜினல் டிஸ்க்குகளை நாடு வாரியாக மண்டலம் பிரித்துப் பூட்டியிருப்பார்கள்: நம் நாடு மண்டலம் 5, அவர்களுடையது 1. எல்லா மண்டலமும் ஓட்டும் பெட்டியா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஏற்காட்டு வீடுகளுக்குத் தனியாகக் கொஞ்சம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் கொண்டு போகும்போது உள்ளே டிஸ்க் இருக்கக் கூடாது. மேலே குளிரில் இருந்த பெட்டியைச் சேலத்து வெக்கைக்கு இறக்கியதும் லென்ஸில் பனி பூக்கும்; இரண்டு மணி நேரம் விட்டுப் போடுங்கள். மழை மாதத்தில் டிஸ்க்குகளில் பூஞ்சை வந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கலாம். வட்டமாகத் தேய்ப்பது கெடுதல். லென்ஸுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சு போதும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் பட்டால் லென்ஸ் வெளுத்துவிடும். கோடை இடி நேரத்தில் கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, டிவிக்கு வரும் கேபிள் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் இறங்கி ஏவி வயர் மூலம் பிளேயர் போர்டை எரிக்கும்.

எந்தப் பிளேயரிலும் ஓடாமல், எழுதிய ரெக்கார்டரில் மட்டும் ஓடுகிற டிஸ்க் 'ஃபைனலைஸ்' செய்யப்படாதது, அதாவது எழுதியதை முடித்து மூடாதது. அதே ரெக்கார்டரில் போட்டு முடித்தால்தான் வெளியே ஓடும். பழைய கல்யாண டிஸ்க்குகளைக் காப்பாற்றுவது மட்டுமே நோக்கம் என்றால் பிளேயரே வேண்டாம். லேப்டாப்பில் செருகும் டிவிடி டிரைவ் வாங்கிக் கோப்புகளை ஹார்டுடிஸ்க்கில் நகலெடுங்கள். அந்த டிரைவை டிவியின் யூஎஸ்பி ஓட்டையில் செருகி ஓட்டலாம் என்று மட்டும் வாங்காதீர்கள், ஓடாது.