வேலியோரக் காட்டுச் சூரியகாந்தி எங்கள் பாத்திக்குப் பசளையானது

2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது எங்கள் வீட்டில் அரை மூடை யூரியாதான் மிச்சம் இருந்தது. பண்டாரவளைப் பக்கம் கால் ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் போஞ்சியும் கோவாவும் போடுகிற எங்களுக்கு அது அடுத்த போகத்துக்குக் காணாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான், "ரோட்டோரம் மஞ்சளாப் பூத்து நிக்குதே, அந்தக் கசப்புச் செடிய வெட்டிப் போட்டுப் பாரு தம்பி" என்றார். சிங்களத்தில் வல் சூரியகாந்த. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்து இங்கே காடாகிப் போன செடி, ஆள் உயரத்தையும் தாண்டி வளரும்.

முதலில் பாதையோரத்தில் வெட்டித்தான் சுமந்தேன். ஒரு கட்டு தலையில் ஏற்றி மேட்டில் ஏறினால் கழுத்து இரண்டு நாளைக்கு வலிக்கும், அதனால் நம் வேலியிலேயே நட்டுவிடலாம் என்று ஜூலையில் கம்பு ஊன்றினேன். நுனிப் பக்கத்துப் பச்சைக் கம்பு, அதுவும் காற்றடிக்கிற மாதம், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒக்டோபர் மழை பிடித்ததும் மறுபடி நட்டேன். இந்த முறை அடித்தண்டில் பெருவிரல் தடிப்பான, முற்றிய கம்பாகப் பார்த்து எடுத்தேன். வெட்டின இடத்தில் நடுவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரித் தெரியும், சுற்றிலும் தண்டு மரமாக முற்றியிருக்க வேண்டும், அதுதான் அடையாளம். முழங்கை நீளத்துக்கு நறுக்கி, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சாய்த்து, இரண்டடிக்கு ஒன்றாக வைத்தேன். மூன்றாவது வாரமே கணுவில் துளிர் தெரிந்தது, சின்னக் குழந்தையின் கை மாதிரி விரல் விரிந்த இலை.

அடுத்த வருடம் ஆகஸ்டில்தான் முதல் வெட்டு. உரத்தடை அதற்குள் நீங்கியிருந்தது, ஆனால் விலை கைக்கு எட்டவில்லை. தேயிலையைக் கவ்வாத்து செய்கிற மாதிரி முழங்கால் உயரம் விட்டு மேலே வெட்டினேன். தடித்த தண்டை ஒதுக்கி, இலையையும் இளந்தண்டையும் நறுக்கிப் பச்சையாகவே பாத்தியில் கொத்திப் புதைத்தேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அன்றைக்குச் சாப்பிடுகிற சோறு கசக்கும். பத்து நாளில் மண்ணைக் கிளறினால் இலை இருந்த தடமே இல்லை, அவ்வளவு சீக்கிரம் மக்கும். அதன் பிறகுதான் கோவா நாற்றை வைத்தேன், இலை கரும்பச்சையாக நன்றாகவே எழும்பியது.

ஆனால் கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் "யூரியாவே தேவையில்லை" என்று பேசுகிறவர்களை நம்பி ஏமாறக் கூடாது. காய்ந்த இலையில் தழைச்சத்து (நைதரசன்) ஏறக்குறைய 3.5 வீதம், சாம்பல் சத்து (பொட்டாசியம்) 4 வீதம், மணிச்சத்து (பொசுபரசு) 0.37 வீதம். பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று வைத்தால் 100 கிலோ இலையில் தழைச்சத்து 700 கிராம்தான். 50 கிலோ யூரியா மூடையில் இருப்பது 23 கிலோ. ஒரு மூடைக்கு ஈடாக மூன்று டன்னுக்கு மேல் வெட்டிச் சுமக்க வேண்டும்! என் சின்ன நிலத்துக்கே வேலி இலை பாதிதான் கண்டது, மீதிக்கு மாட்டெரு வாங்கினேன்.

இன்னொன்று, இது கிளிரிசீடியா மாதிரி அவரைக் குடும்பம் இல்லை, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தராது. வேலியடி மண்ணில் இருப்பதை உறிஞ்சி இலையில் வைக்கிறது, நாம் அதைப் பாத்திக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான். அதனால் ஒதுக்கின தண்டையும் சாம்பலையும் வேலியடியிலேயே திருப்பிப் போடுகிறேன், இடையிடையே கிளிரிசீடியாக் கம்பும் ஊன்றியிருக்கிறேன்.

நடுகிறவர்கள் ஓடைக்கரையை மட்டும் விட்டுவிடுங்கள், விதை தண்ணீரோடு போய் அடுத்தவர் காணியில் முளைக்கும். மொட்டு வைக்கும்போதே வெட்டிவிட்டால் விதைத் தொல்லை இல்லை, இலையும் அப்போது இளசாக இருக்கும். நான் மூலையில் ஒரு செடியை மட்டும் பூக்க விடுகிறேன். அந்தப் பூவில் தேன் வாசம், காலையில் தேனீ மொய்க்கும். பெரியம்மாவும் சாமிக்கு இரண்டு பறித்துப் போவார்.