திருவாதிரை என்ன நிறம்?

ஜனவரி 3, 2026, சனி

இன்று ஆருத்ரா தரிசனம். காலையிலேயே களியும் ஏழுகறிக் கூட்டும் ஆயிற்று. மார்கழித் திருவாதிரையை ஊரே கொண்டாடுகிறது. ஆனால் வானத்தில் திருவாதிரை எது என்று கேட்டால், கை நீட்டிக் காட்டுபவர்கள் குறைந்துவிட்டார்கள். அதன் நிறத்தைச் சொல்பவர்கள் இன்னும் குறைவு. எனக்கு இது உண்மையாகவே வருத்தம். ஜாதகத்தில் எழுதி வைத்த நட்சத்திரத்தை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டாமா?

இரவு எட்டு மணிக்குக் களத்துமேட்டில் நின்று பார்த்தேன். முழு நிலா, அதன் பக்கத்திலேயே வியாழன். கிழக்கு வானம் முழுக்க வெளுத்துக் கிடந்தது. அப்படியும், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு இடப்பக்கம் திருவாதிரை செம்மஞ்சளாகத் தெரிந்தது. வலப்பக்கம் ரைஜல் என்ற நட்சத்திரம், நீலம் தோய்ந்த வெள்ளை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால் நிற வித்தியாசம் யாருக்கும் புரிந்துவிடும்.

வெறும் கண்ணால் ஒரு நட்சத்திரத்திடம் தெரிந்துகொள்ளக்கூடியவை இரண்டு: வெளிச்சம், நிறம். எல்லோரும் வெளிச்சத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். நான் நிறத்தின் கட்சி. ஏன் என்று நிலா தேய்ந்த பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 8, வியாழன்

கடும் பனி. சிரியஸ் நட்சத்திரம் மட்டும் தென்கிழக்கில் கீழே சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தது. அது அதன் நிறம் அல்ல, நடுவில் இருக்கும் காற்றின் வேலை. எந்த நட்சத்திரமானாலும் நன்றாக மேலே ஏறிய பிறகுதான் நிறத்தைக் குறிக்க வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

நிலா நள்ளிரவு தாண்டித்தான் வரும் என்பதால் வானம் நன்றாக இருந்தது. இன்று வெளிச்சக் கணக்கு.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் நட்சத்திரங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். அவர் வழியில் வந்ததுதான் ஆறு தரப் பிரிவு என்று சொல்வார்கள். மிகப் பிரகாசமானவை முதல் தரம், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருப்பவை ஆறாம் தரம். எண் கூடக்கூட வெளிச்சம் குறையும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். முதல் ரேங்க், ஆறாவது ரேங்க் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கண் மதிப்பீட்டைக் கணக்காக மாற்றியவர் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன். முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையே சரியாக 100 மடங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம் என 1856இல் அவர் சொன்னார். அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. இன்றும் உலகம் முழுக்க இந்த அளவுதான். அந்தப் போக்சன் 1861இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவரானார். 1891இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அவரோடு வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ரெட்டிகுலம் என்ற நட்சத்திரக் குழுவில் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் பள்ளிப் பாடங்களில் இந்த இருவருக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்பேன்.

சில எண்கள் (மிகப் பிரகாசமானவை பூஜ்யத்தையும் தாண்டி மைனஸில் போகும்): முழு நிலா மைனஸ் 12.7, சிரியஸ் மைனஸ் 1.46, ரைஜல் 0.13, ரோகிணி 0.9 பக்கம். திருவாதிரை ஒரு நிலையில் நிற்பதில்லை, பெரும்பாலும் 0.5 அருகில் இருக்கும். 2020 பிப்ரவரியில் அது 1.6 வரை மங்கியது. தானே வெளியே தள்ளிய தூசி அதன் ஒரு பகுதியை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. அந்த மாதம் அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நன்றாகத் தெரிந்த முகம் வாடிப்போனது போலிருந்தது.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். மாடுகளைக் கட்டி முடித்ததும் அண்ணன் மகள் கூடவே வந்துவிட்டாள். ரோகிணியைக் காட்டினேன், ஆரஞ்சு என்றாள். கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டினேன், கொஞ்சம் நீலம் என்றாள். அப்புறம் கேட்டாள்:

“ஏன் சித்தப்பா, பச்சை நட்சத்திரம் ஒண்ணுகூட இல்லையா?”

இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. சூடான எந்தப் பொருளும் எல்லா நிறங்களையும் கலந்துதான் வெளியிடுகிறது, சூட்டைப் பொறுத்து ஒரு நிறம் தூக்கலாக இருக்கும். 2898ஐ வெப்பநிலையால் வகுத்தால், எந்த அலைநீளத்தில் தூக்கல் என்பது மைக்ரோமீட்டரில் கிடைக்கும். இது வீன் விதி. நம் சூரியனுக்கு மேற்பரப்பு வெப்பம் 5,772 கெல்வின். வகுத்தால் 0.5. அது பச்சை! ஆனால் அதோடு சிவப்பும் நீலமும் ஏறக்குறைய அதே அளவில் சேர்ந்து வருவதால் கண்ணுக்கு வெள்ளையாகிவிடுகிறது. பச்சை இருக்கிறது, தனியாகத் தெரிவதில்லை.

“அப்ப சூரியன் மஞ்சள் இல்லையா?” இல்லை, வெள்ளைதான். நாம் பார்க்கும் மஞ்சளைக் காற்று செய்கிறது.

மங்கலான நட்சத்திரங்கள் எல்லாம் ஏன் ஒரே சாம்பல் வெள்ளையாக இருக்கின்றன என்றும் கேட்டாள். குறை நம் கண்ணில். நிறம் அறியும் கூம்பு செல்களுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். குறைந்த ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு நிறம் தெரியாது. சாதாரண பைனாகுலர் இருந்தாலே இன்னும் பல நட்சத்திரங்களின் நிறம் வெளிவந்துவிடும்.

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே. வடக்கே டவுன் வெளிச்சம் கொஞ்சம் உண்டு. தெற்கே அலையாத்திக் காடு, அதற்கப்பால் கடல், அந்தப் பக்கம் நல்ல இருட்டு. பத்தரை மணிக்கு அகத்தியர் நட்சத்திரம் நேர் தெற்கே நின்றது. ஏறக்குறைய 37 டிகிரிக்கு வடக்கே வாழ்பவர்களுக்கு அது அடிவானத்தைத் தாண்டி எழுவதே இல்லை. நமக்கு ஏறக்குறைய 27 டிகிரி உயரத்தில், தாராளமாகத் தெரிகிறது.

இன்றைக்கு என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். வானத்தில் வெளிச்சத்தில் முதலிடம் சிரியஸ், இரண்டாமிடம் அகத்தியர். ஆனால் சிரியஸ் 8.6 ஒளியாண்டில் (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்) இருக்கிறது, அகத்தியர் 300 ஒளியாண்டுக்கும் அப்பால். ரைஜல் 850 பக்கம். ஆக, கண் தரும் தரவரிசை பாதி உண்மைதான். எது உண்மையில் பெரிய விளக்கு, எது பக்கத்தில் இருக்கும் விளக்கு என்று அது சொல்லாது. அதனால்தான் வானியலாளர்கள் எல்லா நட்சத்திரங்களையும் 32.6 ஒளியாண்டு தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். அங்கே சிரியஸ் 1.4க்கு இறங்கிவிடும். சூரியன் 4.8, தேடித்தான் பார்க்க வேண்டும். ரைஜலோ மைனஸ் 7 பக்கம், வெள்ளிக் கிரகத்தையே தோற்கடிக்கும்.

தூரம் தெரியாமல் இதில் எதையும் சொல்ல முடியாது. ஆனால் நிறத்துக்குத் தூரம் வேண்டாம். வழியில் தூசி குறுக்கிட்டால் கொஞ்சம் சிவக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் 3,600 கெல்வின் செம்மஞ்சள்தான், 12,000 கெல்வின் நீலவெள்ளைதான். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நிறத்தையும் உண்மையான வெளிச்சத்தையும் ஒரே தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் குறித்துப் பார்த்தவர்கள் ஹெர்ட்ஸ்பிரங், ரஸ்ஸல் என்ற இரண்டு வானியலாளர்கள், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், தனித்தனியாக. புள்ளிகள் கண்டபடி சிதறவில்லை. பெரும்பாலானவை ஒரே சாய்ந்த பட்டையில் விழுந்தன: சூடானவை பிரகாசம், குளிர்ந்தவை மங்கல். நம் சூரியனும் சிரியஸும் அந்தப் பட்டையில்தான். ஆனால் திருவாதிரை அதில் இல்லை. குளிர்ந்த நட்சத்திரம், அதன் ஒரு சதுர மீட்டர் வீசும் ஆற்றல் சூரியனுடையதில் ஆறில் ஒரு பங்குகூட வராது. அப்படியும் பிரம்மாண்ட ஒளி. உடம்பு அவ்வளவு பெரிதாக இருந்தால்தான் இது நடக்கும். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். மறுமுனையில் சிரியஸின் துணை நட்சத்திரம்: ஏறத்தாழ 25,000 கெல்வின் சூடு, ஆனால் பூமி அளவுதான், அதனால் மங்கல். ஒரே தாளில் அளவு, வயது, வாழ்க்கை எல்லாம் வந்துவிடுகின்றன. வானியலில் இதைவிட அழகான படம் இல்லை என்பது என் எண்ணம்.

ஜனவரி 23, வெள்ளி

அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலையத்தில் குவிந்திருக்கிறது. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் காவலுக்குப் படுத்தேன். பக்கத்துக் குவியல்காரப் பெரியப்பா வெற்றிலை போட்டபடி வந்து உட்கார்ந்தார். பேச்சு நட்சத்திரத்துக்குப் போனது.

“சிவப்புன்னா நெருப்புதானே தம்பி? அப்ப அதுதான் ரொம்பச் சூடு.”

“பட்டறையில அரிவாளைப் பார்த்திருக்கீங்கல்ல பெரியப்பா? முதல்ல என்ன நிறம் வரும்?”

“சிவப்பு. அப்புறம் மஞ்சள். இன்னும் ஊதினா வெள்ளையாப் போயிடும்.” கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, “அப்ப வெள்ளைதான் மூத்தது,” என்றார். அதற்கும் மேலே நீலம் இருக்கிறது என்றேன்.

இந்தச் சூட்டு வரிசைக்கு எழுத்துப் பெயர்கள் உண்டு: ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். சூடானதிலிருந்து குளிர்ந்ததுக்கு. எழுத்துகள் குழம்பிக் கிடப்பதற்குக் காரணம், ஹார்வர்டு வானாய்வகத்தில் முதலில் நிறமாலையில் (ஒளியைப் பிரித்தால் விரியும் நிறப்பட்டை) ஹைட்ரஜன் அணுக்கள் விழவைக்கும் கருங்கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று பார்த்து வரிசைப்படுத்தினார்கள். பிறகு அங்கே வேலை பார்த்த ஆனி ஜம்ப் கேனன் அதைச் சூட்டின் படி மாற்றி, தேவையற்ற எழுத்துகளை எடுத்துவிட்டார். 1918 முதல் 1924 வரை வெளிவந்த ஹென்றி டிரேப்பர் பட்டியலில் 2,25,300 நட்சத்திரங்கள், வகை பிரித்தது பெரும்பாலும் அவர் கண்ணும் கையும்.

கோடுகள் ஏன் சூட்டோடு மாறுகின்றன? விடை கல்கத்தாவிலிருந்து வந்தது. எந்த வெப்பத்தில் எத்தனை அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கும் என்ற சமன்பாட்டை இயற்பியலாளர் மேகநாத சாகா 1920இல் வெளியிட்டார். அதை வைத்து வானியலாளர் சிசிலியா பேய்ன் 1925இல் காட்டியது: ஏ வகையில் ஹைட்ரஜன் கோடு அழுத்தமாக இருப்பது அங்கே ஹைட்ரஜன் அதிகம் என்பதால் அல்ல, 10,000 கெல்வின் அருகில் அந்தக் கோடு நன்றாக விழும் என்பதால்தான். நட்சத்திரங்கள் எல்லாமே பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். பெரிய பேராசிரியர்களே முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதுதான் நின்றது.

ஜனவரி 27, செவ்வாய்

நாலரை மணிக்கு விழிப்பு. நிலா எப்போதோ இறங்கிவிட்டது. குளிர்கால நட்சத்திரங்கள் போய், அடுத்த வரிசை வந்திருந்தது. உச்சிக்கு அருகே சுவாதி ஆரஞ்சு, கே வகை, 4,300 கெல்வின். அதற்குத் தெற்கே சித்திரை நீலவெள்ளை, பி வகை, 20,000க்கும் மேல். தென்கிழக்கில் கேட்டை, திருவாதிரை போலவே எம் வகை ராட்சதன், 3,600 பக்கம். இந்த மூன்றையும் பார்க்க விரும்புகிறவர்கள் வைகாசி வரை காத்திருந்தால் முன்னிரவிலேயே பார்க்கலாம். நிறம் பழகுவதற்குச் சுவாதியையும் சித்திரையையும் ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். பைனாகுலரின் குவியத்தை லேசாகக் கலைத்து, புள்ளியைச் சிறு வட்டமாக்கிப் பார்த்தால் நிறம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஏழு மணிக்கு நெல்லைத் திறந்து வெயிலில் பரப்ப வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு வர இன்னும் கொஞ்சம் காய வேண்டும்.